வலி நின்றால் குணமாகிவிடுமா? விளையாட்டுக் காயமும் இயன்முறை மருத்துவமும்

தோற்றுவாய்

திருக்குறளின் பொருட்பாலில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. அதனை நிறைவு செய்யுமிடத்து வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். பிணியுற்றவர், பிணியைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்பன அந்நான்கு. பிணியுற்றவரையே மருத்துவத்தின் முதற்கூறாக வைத்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. நோயாளி படுத்திருக்க, மருத்துவர் ஒருவரே வேலை செய்வதன்று மருத்துவம். நோயாளிக்கும் அதில் வேலை உண்டு. அருகிருப்போருக்கும் வேலை உண்டு.

வகுப்பறையில் இக்கருத்தை நாம் ஆண்டுதோறும் பாடம் சொல்லி வருகிறோம். ஆயினும் அதன் பொருள் நமக்கு உண்மையில் விளங்கியது ஒரு மாணவரின் முழங்காலைக் கண்ட பின்னர்தான். தமிழ்த்துறை மலரில் முழங்காலுக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். விளையாட்டுத் திடலில் அடிபட்ட மாணவர் முதலில் வந்து நிற்பது மருத்துவர் முன்னிலையில் அன்று. நண்பர், பெற்றோர், ஆசிரியர் ஆகியோர் முன்னிலையில்தான். அந்த நேரத்தில் நாம் கூறும் ஒரு சொல் அவர் வாழ்நாள் முழுதும் நடக்கும் நடையை மாற்றவல்லது. ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

ஒரு முழங்காலின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவர் கபடி அணியில் சிறந்து விளங்கினார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் குழித்தறியில் பட்டு நெய்பவர். தாயார் பாவு வேலைக்குத் துணைநிற்பவர். பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்கும் என்பது அக்குடும்பத்தின் நம்பிக்கை. அவ்வாண்டு அணியின் ஆசிரியப் பொறுப்பு நம்மிடம் இருந்தது.

ஒரு மாலைப் பயிற்சியில் அவர் எதிரணிப் பக்கம் பாடிச் சென்று திரும்புகையில், கால் மண்ணில் ஊன்றி நிற்க உடல் மட்டும் சுழன்றது. முழங்காலுக்குள் ஏதோ 'டக்'கென்று ஒலித்ததாகச் சொன்னார். இரவுக்குள் முழங்கால் பானை போல் வீங்கிற்று. ஊரில் சுளுக்கு எடுப்பவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றனர். மூன்று நாள் எண்ணெய் இட்டு அழுத்தி நீவினார். பின்னர்ப் பற்றுப் போட்டு இறுகக் கட்டினார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, வலியும் நின்றது. "ஐயா, ஓடுகிறேன், பாருங்கள்" என்று நம் கண்முன்னே திடலை ஒரு சுற்று ஓடிக் காட்டினார். ஓட்டத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. நாமும் மகிழ்ந்து, அடுத்த போட்டிக்கான அணிப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துக் கையெழுத்திட்டோம்.

ஐந்தாம் வாரம் நடந்த போட்டியில், யாரும் தொடாத நிலையிலேயே, திரும்பும்போது அதே முழங்கால் மடங்கி வீழ்ந்தார். எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்பட்டது. முழங்காலின் முன்புறக் குறுக்கு நார் முற்றாக அறுந்திருந்தது. அதனோடு பிறை வடிவக் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. எலும்பு மருத்துவர் படத்தைக் காட்டி அமைதியாகச் சொன்னார்: "நார் முதல் நாளே அறுந்திருக்கிறது; குருத்தெலும்பு பெரும்பாலும் இரண்டாம் முறை விழுந்தபோது போயிருக்கும்." முதற்காயம் விளையாட்டின் இயல்பு. இரண்டாம் காயத்தில் நம் கையெழுத்துக்கும் பங்கு உண்டு. அறுவை அறைக்கு வெளியே நின்ற தந்தையார் கேட்ட ஒரே கேள்வி, "தறியில உட்காருவானா?" என்பதுதான்.

காயத்தினுள்ளே நிகழ்வது என்ன?

அம்மாணவர் நேராக ஓடியபோது குறை தெரியாதது ஏன்? முழங்காலின் முன்புறக் குறுக்கு நார், தொடையெலும்பின் கீழே கணைக்கால் எலும்பு முன்னோக்கி வழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் தடுப்பது. நேராக ஓடுகையில் அதன் தேவை மிகுதியாக இல்லை. சட்டென நிற்கும்போதும், திரும்பும்போதும், தாவி இறங்கும்போதும்தான் அதன் பணி வெளிப்படும். கபடியோ திரும்புதலையே உயிராகக் கொண்ட ஆட்டம். ஆகவே நேர் ஓட்டத்தைக் கண்டு 'குணமாயிற்று' என முடிவு செய்தது, நீந்தத் தெரியுமா என்று பார்க்கக் கரையில் நடக்கச் சொன்னதற்கு ஒப்பாகும்.

எலும்பை எலும்போடு பிணைப்பவை இணைப்புநார்கள். தசையை எலும்போடு பிணைப்பவை தசைநாண்கள். இவை காயமுறும்போது உடல் மூன்று படிகளில் சீர்செய்கிறது. முதற்சில நாள்கள் வீக்கமும் வெப்பமும் தோன்றும். இது பகையன்று, சீரமைப்புக்கு வேண்டியவற்றை உடல் அவ்விடத்திற்கு அனுப்புவதன் அறிகுறி. அடுத்த சில வாரங்களில் புதிய இழைகள் உருவாகின்றன. இவை ஒழுங்கின்றிச் சிக்கிய நூல் போன்று வலுவற்றவை. அதன்பின் பல மாதங்கள் நீடிக்கும் மூன்றாம் படியில், அவ்விழைகள் தம்மீது விழும் இழுவையின் திசைக்கேற்ப வரிசைப்பட்டு வலுப்பெறுகின்றன. இழுவையே இல்லையேல் ஒழுங்கும் இல்லை. அளவு மீறிய இழுவையானால் மீண்டும் அறுவு. முழுவதும் அறுந்த முன்புறக் குறுக்கு நாரோ இங்ஙனம் தானே ஒன்றுகூடுவது அரிது. மீண்டும் திரும்பித் தாவி ஆட விரும்புவோர் பலருக்கு அறுவை வேண்டியிருக்கும். அறுவையின்றித் தசைப் பயிற்சியாலேயே நன்னிலை எய்துவோரும் உளர். எவருக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

வலி, முதற்படி முடிந்து இரண்டாம் படி நடைபெறும்போதே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வலி நின்ற நாளையே குணமான நாளாகக் கொள்பவர், பாதி நெய்த சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுப்பவரை ஒத்தவர்.

நாரோடு நின்றுவிடுவதில்லை இழப்பு. முழங்காலுக்குள் நீர் கோத்தால், தொடையின் முன்தசைக்கு நரம்புகள் தரும் கட்டளை தானே குறைந்துவிடுகிறது. அத்தசை சில வாரங்களிலேயே மெலிகிறது. மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது, பாதம் எவ்வாறு ஊன்றியிருக்கிறது என்பதைக் கண்ணால் காணாமலே மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வும் மங்குகிறது. இவை ஓய்வினால் மட்டும் மீள்வனவல்ல, பயிற்றுவித்தால்தான் மீளும். இங்கேதான் இயன்முறை மருத்துவத்தின் தேவை எழுகிறது.

எண்ணெயும் கட்டும்

நம் மரபு மருத்துவத்தைப் பழிப்பது நம் கருத்தன்று. எலும்பு முறிவைக் கையால் தடவி உணர்ந்து மூங்கிற் பத்தை வைத்துக் கட்டும் குடும்பங்கள் தமிழகத்தில் பல உள்ளன. வடக்கே ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டு நம் வட்டாரத்தில் பெயர் பெற்றது. சிலம்ப ஆசான்கள் அடிமுறையோடு அடிபட்டதற்குரிய வைத்தியத்தையும் கற்பித்து வந்தனர். கால் முன்னாகப் பிறந்தவர் நீவிவிட்டால் சுளுக்கு விலகும் என்ற நம்பிக்கையும் நம் பாட்டிமாரிடம் இருந்தது. மருத்துவமனை தொலைவில் இருந்த காலத்தில் எளியோர்க்கு உற்ற துணையாக நின்றவை இவை.

ஆயினும் சில உண்மைகளை மறுப்பதற்கில்லை. மூட்டினுள்ளே அறுந்த நாரை எண்ணெய் ஒட்டவைக்காது. புதிதாகக் காயமுற்று உள்ளே குருதி கசியும் மூட்டை முதல் இரண்டு மூன்று நாள்களில் அழுத்தி நீவினாலும், சூடு வைத்தாலும் கசிவும் வீக்கமும் கூடும். மிக இறுகக் கட்டினால் குருதியோட்டம் தடைப்படும். கட்டிய பின் விரல்கள் குளிர்ந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வலி தாங்கொணாது மிகுந்தாலோ கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். காலதாமதம் உறுப்பையே இழக்கச் செய்யும்.

நவீன மருத்துவமும் தன் கருத்தைத் திருத்திக்கொண்டே வந்துள்ளது. ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் தம் நூலில் நெறியாக வகுத்தார். உலகெங்கும் அது பரவியது. பின்னாளில் அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று கூறித் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பனிக்கட்டி வலியைத் தணிக்கும் என்பதே இன்று அதற்குரிய மதிப்பு. சில நாள் பாதுகாப்பு, பின்னர் வலி பொறுக்கும் அளவிற்குப் படிப்படியான இயக்கம் என்பதே இற்றைநாள் நெறி. தம் கூற்றைத் தாமே திருத்திய அந்நேர்மை, மரபை நேசிக்கும் நமக்கும் ஒரு பாடம்.

இயன்முறை மருத்துவத்தின் தோற்றம்

'இயல்' என்னும் சொல்லுக்கு இயற்கை என்பதோடு நடத்தல், அசைதல் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. பிசியோதெரபி என்பதனை 'இயன்முறை மருத்துவம்' என்று தமிழாக்கியோர் பொருத்தமான வேரையே பற்றினர் எனலாம். அசைவைக் கொண்டே அசைவை மீட்பது அது.

1813-இல் சுவீடன் நாட்டில் பெர் ஹென்றிக் லிங் என்பார் உடற்பயிற்சிக்கென ஒரு நிறுவனம் தொடங்கி, பயிற்சியையும் தேய்த்துவிடுதலையும் மருத்துவத்தோடு இணைத்தார். 1894-இல் லண்டனில் நான்கு செவிலியர் கூடிப் போலிகளிடமிருந்து தம் தொழிலின் நற்பெயரைக் காக்கச் சங்கம் அமைத்தனர். உலகப் போர்களில் காயமுற்ற வீரர்களும், இளம்பிள்ளை வாதத்தால் கால் இழந்த குழந்தைகளும் இத்துறை வளரக் காரணமாயினர். இந்தியாவிலும் 1950-களின் தொடக்கத்தில் பம்பாயில் இளம்பிள்ளை வாதம் பரவியதை ஒட்டியே இதற்கான முறையான கல்வி தொடங்கிற்று. 1955-இல் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் தோன்றியது.

இத்துறையின் பெருமையை அறியக் காஞ்சிபுரத்தார் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மேற்கே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறே போதும். 1946-இல் அங்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்த ஓர் அறுவை முறையை வளர்த்தெடுத்தார். செயலற்ற தசையின் பணியைச் செய்ய, நல்ல தசை ஒன்றின் நாணை இடம் மாற்றிப் பொருத்துவது அம்முறை. ஆனால் தையல் ஆறியதும் கை வேலை செய்துவிடாது. ஒரு பணிக்குப் பழகிய தசை வேறு பணியைக் கற்றாக வேண்டும். அறுவைக்கு முன்னும் பின்னும் இயன்முறைச் சிகிச்சையாளர் நோயாளியின் அருகமர்ந்து ஒவ்வொரு விரலையும் புதிதாகப் பயிற்றுவித்தால்தான் அந்தக் கை சோற்றைப் பிசையும்.

அதே கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர் 1954-இல் ஊர்தி விபத்தில் தண்டுவடம் நொறுங்கி இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கு சென்று ஹோவர்டு ரஸ்க் என்பாரிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கெனத் தனித்துறையை வளர்த்தார். 1966-இல் மறுவாழ்வு நிலையம் அங்கே எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. காயம் ஆறுவது வேறு, வாழ்வு மீள்வது வேறு என்பதைத் தம் உடலாலேயே உணர்ந்து பிறர்க்கும் உணர்த்தியவர் அவர்.

சிகிச்சையாளர் செய்வது என்ன?

இயன்முறை மருத்துவம் என்றால் மின்கருவி வைப்பதும் தைலம் தேய்ப்பதும் என்றே பலர் எண்ணுகின்றனர். அவை துணைக்கருவிகளே. நல்ல சிகிச்சையாளர் முதலில் கேட்கிறார், பின்னர் அளக்கிறார். காயம் எப்படி நேர்ந்தது, மூட்டு எவ்வளவு மடங்குகிறது, இரு தொடைகளின் சுற்றளவில் வேறுபாடு என்ன, ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்கிறார். "நீங்கள் மீண்டும் செய்ய விரும்பும் செயல் எது?" என்பது அவர் கேட்கும் முக்கியமான வினா. ஆட்டக்காரருக்குத் திரும்பித் தாவ வேண்டும். நெசவாளருக்குத் தறிக்குழியில் காலை இறக்கி ஜக்கார்டு பெட்டியைத் தூக்கும் கனத்த மிதியை அழுத்த வேண்டும். நம் வீட்டுப் பெரியவருக்குத் தொழுகையில் முழங்காலிட்டு அமர்ந்து எழ வேண்டும். முழங்கால் ஒன்றுதான், அதன் கடமைகள் வேறு வேறு. கடமைக்கேற்பவே பயிற்சி அமையும்.

நம் மாணவர்க்கு அறுவைக்குப் பின் முதல் இரு வாரங்களில் கொடுக்கப்பட்ட வேலை மிக எளியது. சுருட்டிய துண்டு ஒன்றைக் குதிகாலின் கீழ் வைத்து, முழங்காலை நேராக்கித் தொடைத் தசையை இறுக்குவது. கபடி வீரருக்கு இதுவா பயிற்சி என்று அவர் நாணினார். ஆனால் அந்தத் தசை அவர் சொற்படி அசைய மறுத்தது. சிகிச்சையாளர் விரலை வைத்துத் தட்டி, "இங்கே, இங்கே" என்று நினைவூட்ட வேண்டியிருந்தது. எழுத்தறியாக் குழந்தையின் கைபிடித்து அரிச்சுவடி எழுதவைக்கும் ஆசிரியரை நாம் அங்குக் கண்டோம். பின்னர் மடக்கும் அளவு கூடிற்று, ஊன்றுகோல் விலகிற்று, படியேற்றம், அரைக் குந்தல், ஒற்றைக் கால் நிலை, நேர் ஓட்டம், தாவல், திரும்பல் என்று மாதந்தோறும் ஒரு படி ஏறியது. வீக்கம் கண்டால் ஒரு படி இறக்குவதும் நிகழ்ந்தது. எதை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்னும் கணிப்பே இக்கலையின் உயிர். அதனை நூலில் படித்தோ நண்பரைப் பார்த்தோ தானே செய்துகொள்ளல் இயலாது.

இதில் பெரும்பகுதி வேலை மருத்துவமனையில் நிகழ்வதன்று. வாரத்தில் இரண்டு மூன்று முறை சிகிச்சையாளரைக் கண்டாலும், எஞ்சிய நாள்களில் வீட்டிலே செய்பவர் நோயாளியே. அவருக்கு நினைவூட்டித் துணைநிற்பது தாயின் பணி. நோயாளியையும் உடனிருப்பவரையும் வள்ளுவர் மருத்துவத்தின் கூறுகளாக எண்ணியதன் பொருள் நமக்கு விளங்கியது அவ்வீட்டுத் திண்ணையில்தான்.

உடனே மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

எல்லாச் சுளுக்குக்கும் அஞ்ச வேண்டியதில்லை. எனினும் சில அறிகுறிகளை மாணவரும் ஆசிரியரும் மனத்தில் கொள்ளல் நன்று. கணுக்கால் பிறழ்ந்தால் எலும்பு முறிவு உண்டா என்று ஐயுற வேண்டிய நிலைகளைக் கனடா நாட்டு ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் எளிய நெறியாக வகுத்தனர். அடிபட்டவுடனும் பரிசோதனையின் போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமை, கணுக்காலின் இருபுறமும் புடைத்து நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ தொட்டால் வலி, பாதத்தின் நடுப்பகுதி வலிக்கையில் அதன் வெளி விளிம்பு எலும்பிலோ உள்விளிம்பு எலும்பிலோ தொட்டால் வலி ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் எக்ஸ்ரே எடுத்தல் வேண்டும்.

முழங்காலைப் பொறுத்தவரை, அடிபடும்போது ஒலி கேட்டல், சில மணி நேரத்திற்குள் பெரிதாக வீங்குதல், மூட்டு பூட்டியது போல் நின்றுவிடுதல், நடக்கையில் நழுவி மடங்குதல் ஆகியவை ஆழ்ந்த காயத்தின் அறிகுறிகள். தோள் இடம் பெயர்ந்தால் திடலிலேயே இழுத்துப் பொருத்த முயலுதல் கூடாது. நரம்பும் குருதிக் குழாயும் சிதையக்கூடும். உறுப்பு கோணலாகத் தோன்றுதல், மரத்துப்போதல், தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ தோன்றுதல் ஆகியவற்றில் நொடியும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். முதலில் மருத்துவரின் நோயறிதல், அதன்பின் இயன்முறை. இவ்வரிசை மாறலாகாது.

களம் திரும்பும் நாள்

'எத்தனை நாளில் ஆடலாம்?' என்பதே அடிபட்டவர் யாவரும் கேட்கும் வினா. நாளைக் கொண்டு மட்டும் விடை கூறல் இயலாது. சோதனையைக் கொண்டும் கூற வேண்டும். தாவலும் திரும்பலும் மிக்க ஆட்டங்களில் ஈடுபட்டு, முன்புறக் குறுக்கு நாருக்கு அறுவை செய்துகொண்ட 106 பேரை அமெரிக்காவிலும் நார்வேயிலும் ஈராண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2016-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒன்பதாம் மாதம் வரை, களம் திரும்புவதை ஒத்திப்போட்ட ஒவ்வொரு மாதத்திற்கும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தசைவலு, ஒற்றைக் கால் தாவல் முதலிய சோதனைகளில் நல்ல காலின் அளவில் குறைந்தது 90 விழுக்காட்டை எட்டித் தேறிய பின் திரும்பியோரில் 5.6 விழுக்காட்டினரே மறுகாயமுற்றனர். தேறாமல் திரும்பியோரில் 38.2 விழுக்காட்டினர் மறுகாயமுற்றனர். தேர்வு எழுதாமல் தேர்ச்சி இல்லை என்பது கல்லூரிக்கு மட்டும் உரிய விதியன்று.

தமிழகத்து வீரர்கள் வாழ்விலும் இதற்குச் சான்று உண்டு. 2004-இல் பாகிஸ்தான் பயணத்தில் புகழ்பெற்ற வேகப்பந்து வீச்சாளர் லட்சுமிபதி பாலாஜி, பின்னர் முதுகெலும்பில் ஏற்பட்ட அழுத்த முறிவால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆட்டத்தினின்றும் விலகியிருக்க நேர்ந்தது. பொறுத்திருந்து மீண்ட அவர், 2008 மே 10-ஆம் நாள் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். போட்டிகளின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் எளிய குடும்பத்தில் பிறந்த நடராஜன், ஆஸ்திரேலியப் பயணத்தில் புகழெய்திய சில மாதங்களிலேயே, 2021 ஏப்ரலில் முழங்காலில் அறுவை செய்துகொண்டு, பயிற்சிக்குப் பின் களம் திரும்பினார். அவர்களைச் சூழ மருத்துவரும் சிகிச்சையாளரும் பயிற்சியாளரும் இருந்தனர். நம் கல்லூரித் திடலில் ஆடும் பிள்ளைக்கு அவர்கள் இல்லை என்பதாலேயே அவன் முழங்கால் வேறு இயல்புடையதாகிவிடாது.

யாரிடம், எங்கே செல்வது?

இயன்முறை மருத்துவம் நான்காண்டுப் படிப்பும் அதன்பின் பயிற்சிக் காலமும் உடையது, பி.பி.டி. என்பது அப்பட்டத்தின் பெயர். சில வாரப் பயிற்சிச் சான்றிதழோடு பலகை மாட்டியோரும் உளர். ஆதலின் பட்டத்தைக் கேட்டறிவது அவமதிப்பாகாது. 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைமருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் இத்துறையையும் தன்னுள் அடக்கியுள்ளது. முதல் நாளே ஆராயாமல் கருவியை வைப்பவரையும், வீட்டுப் பயிற்சி எதுவும் கற்பிக்காதவரையும், பத்து நாளில் ஆடவைப்பேன் என்று உறுதி கூறுபவரையும் ஐயுறுவது நன்று.

பொருள் இல்லை என்று தயங்குவோர் அரசு மருத்துவமனைகளை நாடலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயன்முறைப் பிரிவுகள் இயங்குகின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட இயலாதோர்க்கு வீட்டிற்கே சென்று இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் பணியும் சேர்ந்துள்ளது. பயிற்சிக்கு வேண்டும் பொருள்களோ ஒரு துண்டு, ஒரு படிக்கட்டு, ஒரு ரப்பர்ப் பட்டை இவைதாம். மிகுதியாக வேண்டுவது பொறுமை.

நிறைவாக

கல்லூரிகளுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். காயமுற்ற மாணவர் மருத்துவர் அல்லது இயன்முறைச் சிகிச்சையாளரின் எழுத்து வழி ஒப்புதல் இன்றி அணியில் சேர்க்கப்படலாகாது. கோப்பைக்கும் பந்தலுக்கும் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கை மாணவர் காயச் சிகிச்சைக்கென ஒதுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை தகுதிபெற்ற சிகிச்சையாளர் ஒருவரை அழைத்து, ஆட்டத்திற்கு முன் செய்யும் ஆயத்தப் பயிற்சிகளைக் கற்பிக்கலாம். மாணவியரும் இன்று திடலுக்கு வருகின்றனர். அவர்கள் காயத்தை வெளியில் சொல்ல நாணாதவாறு பெண் சிகிச்சையாளரிடம் அழைத்துச் செல்ல ஏற்பாடு வேண்டும்.

நம் மாணவர்க்கு என்ன ஆயிற்று என்று அறிய விழைவீர்கள். ஒன்பது மாதங்கள் கடந்து பத்தாம் மாதத்தில்தான் அவர் சோதனைகளில் தேறினார். அதற்குள் கல்லூரியின் இறுதியாண்டு முடிந்துவிட்டது. பல்கலைக்கழக அணி கைநழுவிப் போயிற்று. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையும் வாய்க்கவில்லை. கிழிந்த குருத்தெலும்பில் ஒரு பகுதியை நீக்க வேண்டியிருந்ததால், நெடுநேரம் குந்தி எழுந்தால் அந்த முழங்கால் இன்றும் வலிக்கிறது. ஆயினும் அவர் நடக்கிறார், படியேறுகிறார், பொங்கல் விளையாட்டில் தெரு அணிக்கு ஆடுகிறார். கடந்த ஆண்டு அவர் இல்லம் சென்றபோது தந்தையாரின் தறிக்குழியில் காலை இறக்கி அமர்ந்து மிதியை அழுத்திக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், "வாங்கய்யா" என்று கையூன்றாமல் எழுந்து நின்றார். தந்தையார் நம்மை ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை எடுத்துப் போட்டார்.

அன்று நாம் கையெழுத்திடும் முன், "மருத்துவர் என்ன சொன்னார், தம்பி?" என்று ஒரு வினா கேட்டிருந்தால் போதும். இம்மலரைப் படிக்கும் ஆசிரியர் ஒருவரேனும், பெற்றோர் ஒருவரேனும், அடுத்த மாணவரிடம் அவ்வினாவைக் கேட்பாராயின் இக்கட்டுரை எழுதிய பயனை நாம் அடைந்தவராவோம்.